அம்மா "படு" எண்டு கத்தினவ

போன கிழமை எங்கட ஊர் வட்ஸ்அப் குறூப்பில ஒரு வீடியோ வந்தது. வயலுக்கு அங்கால தூண் மாதிரி ஒரு சுழல்காத்து, இங்கிலீசில ரொர்னேடோ, சுத்திக்கொண்டு வருது, ஒரு கொட்டிலின்ர தகரம் கழண்டு மேல போகுது, ஒரு பெடியன் நிண்டு அதை எடுக்கிறான், பின்னால ஆரோ "வடிவா எடு, வடிவா எடு" எண்டு சொல்லுறது கேக்குது. கனபேர் ஹார்ட் போட்டிருந்தினம். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு, ஏனெண்டா அப்பிடிப் பறக்கிற தகரம் என்ன செய்யும் எண்டு நான் கிட்ட நிண்டு கண்டனான். அதால தான் இதை எழுதிறன், கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கோ.

எங்கட வீடு ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணி பாயிற பக்கம். முகாமில இருந்து வந்து மீள்குடியேறி ரெண்டு வருசம் இருக்கும், எனக்கு அப்ப பதினாறு பதினேழு வயசு. கல்வீடு இல்லை. ஒரு நிறுவனம் தந்த பன்ரெண்டு தகரம், காட்டுத்தடி, சுத்திவர தறப்பாள், அதுதான் வீடு. அப்பா தகரத்தை ஆணி அடிச்சு வைச்சவர், அந்தப் பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் வைச்சவை, கம்பி போட்டுக் கட்டவேணும் எண்டு ஆருக்கும் தோன்றேல்ல, தலைக்கு மேல ஒரு கூரை வந்ததே பெரிய விசயமா இருந்த காலம் அது.

ஒக்டோபர் மாதம். காலபோக விதைப்புக்கு வயல் உழுது கிடக்கு. காலமையில இருந்து சரியான வெக்கை, காத்து ஒரு சொட்டும் இல்லை, உடம்பெல்லாம் பிசுபிசு எண்டு இருக்கு. பின்னேரம் மூண்டரை மணி போல மேற்கால ஒரு கறுப்பு ஏறினது, ஒக்டோபரில அது ஒரு புதினமும் இல்லை, ஒவ்வொரு நாளும் ஏறும், இடிக்கும், ஒரு மணித்தியாலம் பெய்யும், விடும். ஆனா அண்டைக்கு அந்தக் கறுப்புக்குள்ள ஒரு பச்சை நிறம் இருந்தது, காயம் பழுக்கேக்க வருமே அப்பிடி ஒரு நிறம். கோழியள் நேரத்தோட வந்து அடைஞ்சிட்டுது. அம்மம்மா இடி கேட்டவுடன வழக்கமா சொல்லுற மாதிரி "அருச்சுனா அருச்சுனா" எண்டு சொல்லிக்கொண்டு உலர வைச்ச ஒடியல உள்ளுக்கு அள்ளினவ.

பிறகு சத்தம். அதை எப்பிடி எழுதிறது எண்டு கன நாள் யோசிச்சனான். வன்னிச் சனத்துக்கு ஒரு சொல்லில சொல்லலாம், கிபிர், யுத்தத்தில குண்டு போட வந்த பிளேன். கிபிர் தாழப் பதிஞ்சு வரேக்க காதுக்குள்ள இல்லை, வயித்துக்குள்ள ஒரு அதிர்வு வருமே, அது. எல்லாரும் மேல பாத்தம். யுத்தம் முடிஞ்சு போச்சு எண்டு புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியேல்ல. அம்மா "படு! எல்லாரும் படு!" எண்டு கத்தினவ. கத்திக்கொண்டே தங்கச்சிய இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால ஓடினவ, அங்க எங்கட பழைய பங்கர் கிடங்கு இருந்தது, அரைவாசி தூர்ந்து போய், அதுக்குள்ள அம்மா வாழை வைச்சிருந்தவ. நாங்கள் அஞ்சு பேரும் அந்த வாழையடிக்குள்ள குப்புற விழுந்தம். முகம் சேத்துக்குள்ள, கை ரெண்டும் தலைக்கு மேல, வாய் கொஞ்சம் திறந்தபடி, குண்டு விழேக்க எப்பிடிப் படுக்கிறது எண்டு பழகினமோ அப்பிடியே. காத்து வருகுது எண்டு தெரிஞ்சு படுத்தது இல்லை. அம்மாவும் பிறகு சொன்னவ, உண்மையில பிளேன் எண்டு தான் நினைச்சனான் எண்டு.

மூண்டு நிமிசம் இருக்கும், குறையவும் இருக்கலாம். வாழை எல்லாம் எங்களுக்கு மேல முறிஞ்சு விழுந்தது. ஏதோ கூரான சாமான் கிடங்குக்கு மேலால விசுக் விசுக் எண்டு போறது கேட்டது. பிறகு மழை கொட்டினது, பெரிய பெரிய துளி, பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்.

எழும்பிப் பாக்கேக்க வீடு இல்லை. கப்புகள் நிக்குது, கூரை இல்லை, தறப்பாள் இல்லை, அடுப்பில வைச்ச சோத்துப் பானை மட்டும் வைச்ச இடத்திலயே இருக்கு, மூடியும் இருக்கு. அம்மா மூடியத் திறந்து பாத்தவ, சோறு வெள்ளையா அப்பிடியே இருந்தது. அண்டைக்கு இரவு பள்ளிக்கூடத்தில அதைத்தான் நாலு வீட்டுப் பிள்ளையளுக்கும் குடுத்தவ.

எங்கட படலைக்கு அங்கால ஒரு பாலை மரம் நிக்குது, ரெண்டு பேர் கட்டிப்பிடிக்கலாம். அதில எங்கட தகரம் ஒண்டு செருகிக் கிடந்தது. சாத்திக் கிடக்கேல்ல, செருகி. வாழைத்தண்டில கத்திய இறக்கின மாதிரி ஒரு சாண் ஆழத்துக்கு. பாலை எவ்வளவு வைரமான மரம் எண்டு கோடாலி பிடிச்ச ஆக்களுக்குத் தெரியும். அப்பா இழுத்துப் பாத்தார், வரேல்ல, மிச்சத்தை வெட்டி எடுத்தவர், உள்ளுக்கு இறங்கின துண்டு இண்டைக்கும் அந்த மரத்துக்குள்ள தான் இருக்கு, பட்டை வளந்து மூடிட்டுது. நான் ஊருக்குப் போற ஒவ்வொரு முறையும் அதைத் தடவிப் பாப்பன். அது எங்கட நெஞ்சு உயரத்தில இருக்கு.

அண்டைக்கு ஒன்பது வீடு போனது, ஒரே கோட்டில. கோட்டுக்கு இஞ்சால இருபது மீற்றரில ஒரு வீட்டுக் கொடியில காயப்போட்ட உடுப்பு கூட விழேல்ல. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து வளவு அண்ணை ஒராள் கூரை போகாமல் வளையில தொங்கிப் பிடிச்சவர், தகரம் முழங்கைக்குக் கீழ கிழிச்சு பதினாலு இழை போட்டது. அவரில ஒரு பிழையும் இல்லை, எத்தினை தரம் இடம்பெயர்ந்து எத்தினை வீட்டை விட்டுப்போட்டு வந்த மனுசன், இந்த முறை விடமாட்டன் எண்டு தான் பிடிச்சிருப்பார்.

பிறகு நிவாரணத்துக்கு ஒரு கந்தோருக்குப் போனம். படிவம் நிரப்பினவர் என்ன அனர்த்தம் எண்டு கேட்டார். சுழல்காத்து எண்டு அப்பா சொன்னார். "புயல் எண்டு ஒண்டும் அறிவிக்கேல்லையே" எண்டு அவர் சொன்னார். கடைசியா கடும் காற்று எண்டு எழுதினது. பிறகு வந்த பேப்பரில மினி சூறாவளி எண்டு போட்டிருந்தது. எனக்கு அந்தச் சொல்லில இண்டைக்கும் மனத்தாங்கல் இருக்கு, ஏனெண்டா இது சூறாவளியின்ர குட்டி இல்லை, வேற சாதி. சூறாவளி கடலில பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில, நாள்கணக்கில வரும். சுழல்காத்து ஒரு இடிமுகிலுக்குக் கீழ பிறந்து, அனேகமா அம்பது நூறு மீற்றர் அகலத்தில வந்து, நிமிசக்கணக்கில போயிடும். முதலாவதுக்கு பேர் இருக்கு, வரைபடம் இருக்கு, முன்கூட்டியே மைக் போட்டுச் சொல்லுவினம். மற்றதுக்கு எங்கட பக்கம் அந்தப் பச்சை நிறமும் சத்தமும் தான் அறிவித்தல்.

எங்கட பக்கம் ஏன் ஒக்டோபர், பிறகு மார்ச் ஏப்ரலில இப்பிடி வருது எண்டு பின்னாளில தேடி வாசிச்சனான். பருவக்காத்து மாறுற இடைக்காலம் அது, ஒக்டோபரில சோளகம் விட்டிட்டுது, வாடை இன்னும் பிடிக்கேல்ல, மார்ச் ஏப்ரலில அது மறுவளம். அப்ப தரை நல்லா சூடாகும், முல்லைத்தீவுக் கடலில இருந்து ஒரு காத்து உள்ளுக்கு வரும், மன்னார்க் கடலில இருந்து ஒரு காத்து உள்ளுக்கு வரும், ரெண்டு கடலுக்கும் இடையில நூறு கிலோமீற்றர் கூட இல்லை, ரெண்டும் பின்னேரத்தில வன்னிக் காட்டுக்கு மேல முட்டிக்கொள்ளும். முட்டின காத்துக்குப் போக இடம் இல்லை, மேல தான் போகும், அதுதான் அந்த இடிமுகில். முட்டிற இடத்தில காத்து கொஞ்சம் சுழண்டுகொண்டு இருந்தா, மேல இழுபடேக்க அந்தச் சுழி மெலிஞ்சு, மெலிய மெலிய வேகம் கூடும். மாவரிக்கிற சுளகுக்கு நடுவில எல்லாம் சேர்ற மாதிரி எண்டு அம்மாவுக்குச் சொன்னனான், அவவுக்கு உடன விளங்கினது. கோடையில முத்தத்தில சருகைச் சுத்திக்கொண்டு போற சின்னச் சுழி வேற, அதுக்கு முகிலே தேவையில்லை, நிலத்துச் சூட்டில எழும்பி தானா அடங்கிடும், அதைக்கண்டு பேய் போகுது எண்டு நாங்கள் சின்னனில துப்பினனாங்கள்.

இன்னொரு விசயமும் இருக்கு, மினி சூறாவளி எண்டு சொல்லுற கனக்க சம்பவம் சுழல்காத்தே இல்லை. இடிமுகிலில இருந்து குளிர்ந்த காத்து பொத்தெண்டு கீழ விழுந்து நாலு பக்கமும் அடிக்கும், அதுவும் கூரையத் தூக்கும். எது வந்தது எண்டு விழுந்த மரங்களைப் பாத்தாத் தெரியும். எல்லா மரமும் ஒரே பக்கம், இல்லாட்டி நடுவில இருந்து விசிறி மாதிரி வெளியால விழுந்து கிடந்தா அது விழுகாத்து. ஒண்டோட ஒண்டு பின்னி, ஒண்டு வடக்க ஒண்டு தெற்க எண்டு கிடந்தா அது சுழல். எங்கட ஊரில தேக்கங்கண்டு வைச்ச ஒரு துண்டுக் காணியில அடுத்த நாள் நடந்து பாத்தனான், கோட்டுக்கு இடப்பக்கம் விழுந்த கண்டும் வலப்பக்கம் விழுந்த கண்டும் ஒண்டை ஒண்டு பாத்துக்கொண்டு கிடந்தது. அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது, புதினமா இருந்தது, மனசில பதிஞ்சு போச்சு.

இப்பிடி விழுந்த மரத்தைப் பாத்து காத்தைப் படிச்ச ஒரு மனுசனைப்பற்றி வாசிச்சு நான் ஒரு இரவு நித்திரையே கொள்ளேல்ல. பேர் புஜிதா, ஜப்பான்காரர். 1945இல கொக்குரா எண்ட ஊருக்குக் கிட்ட ஒரு கல்லூரியில படிப்பிச்சுக்கொண்டு இருந்தவர். ரெண்டாவது அணுகுண்டு முதல் விழ இருந்தது கொக்குராவில தான், அண்டைக்கு முகிலும் புகையும் மூடினதால பிளேன் நாகசாகிக்குத் திரும்பினது. குண்டு விழுந்து சில கிழமையில அவர் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் எந்தப் பக்கம் எது எரிஞ்சு கிடக்கு, எது சரிஞ்சு கிடக்கு எண்டு பாத்து குண்டு எவ்வளவு உயரத்தில வெடிச்சது எண்டு கணக்குப் போட்டவர். பிறகு அமெரிக்கா போய், 1974இல அங்க கனக்க சுழல்காத்து ஒரே நேரத்தில அடிச்ச இடங்களை பிளேனில இருந்து பாக்கேக்க, ஒரு காட்டில மரங்கள் நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் விழுந்து கிடந்ததாம், நாகசாகியில கண்டது அவருக்கு ஞாபகம் வந்ததாம். அப்பிடித்தான் அந்த விழுகாத்தைக் கண்டுபிடிச்சவர். சுழல்காத்தின்ர பலத்தை அளக்கிற அளவுகோலும் 1971இல அவர் செய்தது தான், இண்டைக்கும் அதைத் திருத்தின வடிவம் தான் பாவிக்கினம், ஆகக்கூடின படி மணிக்கு 322 கிலோமீற்றருக்கு மேல. குண்டு விழுந்த மண்ணில நிண்டு காத்தைப் படிச்சிருக்கிறார். வன்னியில இருக்கிற எங்களுக்கு அந்த மனுசன் தூரத்து ஆள் இல்லை.

சுழல்காத்து எண்டாலே அமெரிக்கா எண்டு நினைக்கிறம், ஆனா உலகத்திலயே ஆகக்கூடின உயிரை எடுத்தது பங்களாதேஷில, 1989 ஏப்ரல் 26, தவுலத்பூர் சத்தூரியா பக்கம், கிட்டத்தட்ட 1300 பேர். அங்கயும் எங்கட மாதிரி தகரமும் தடியும் தான் வீடு. காத்து மட்டும் கொல்லுறேல்ல, காத்து தூக்கி எறியிற சாமான் தான் கூடக் கொல்லுது.

கடலில வாறதையும் ஒருக்கா கண்டனான். முல்லைத்தீவில மாமா வீட்டில நிக்கேக்க, காலமை, மழையும் இல்லை இடியும் இல்லை, ஒரு வரிசை முகிலுக்குக் கீழ சாம்பல் நிறத்தில ஒரு கயிறு தொங்கினது, அடியில கடல் வெள்ளையா நுரைச்சுச் சுத்தினது. மாமா "மேகம் தண்ணி குடிக்குது" எண்டு சொன்னார். உண்மையில அந்தக் கயிறில பெரும்பாலும் கடல் தண்ணி இல்லை, காத்தில இருந்த ஈரம் குளிர்ந்து முகிலா மாறினது தான், ஆனா அடியில சின்ன மீனைத் தூக்கிற பலம் இருக்கும் எண்டு சொல்லுவினம், 2014 மே மாதம் சிலாபம் பக்கத்தில ஒரு ஊரில மழையோட மீன் விழுந்ததுக்கும் அதைத்தான் காரணம் சொன்னவை. போட் ஓடேக்க கண்டா அதை முந்தி ஓடவும் கூடாது, அதின்ர பாதைக்குக் குறுக்கா விலத்தி ஓடவேணும் எண்டு மாமா சொன்னவர். இதை அவர் எந்தப் புத்தகத்திலயும் படிக்கேல்ல, ஆனா புத்தகத்திலயும் அப்பிடித்தான் இருக்கு.

கடலில இருந்து வாற பெரிய புயலுகளை நான் குறைச்சுச் சொல்லேல்ல. 1964 டிசம்பர் 22 வந்த புயல் வவுனியாப் பக்கத்தால வன்னிய ஊடறுத்து மன்னார்க் கடலில இறங்கி, அண்டிரவு தனுஷ்கோடியையே இல்லாமல் ஆக்கினது, அம்மம்மா அதைச் சொல்லேக்க இண்டைக்கும் குரல் தாழும். 2008 நவம்பரில நிஷா வரேக்க நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள்ள, கீழ வெள்ளம், மேல செல். 2020 டிசம்பர் 2 புரேவி திருகோணமலைக்கு வடக்கால ஏறினது, நாலு நாளுக்கு முதலே தெரியும், பள்ளிக்கூடத்துக்குப் போய் இருந்தம், எங்கட பக்கம் மழை தான், பெரிய காத்து இல்லை. 2022 டிசம்பர் மாண்டஸ் சென்னைப் பக்கம் போனது, ஆனா அது இழுத்த குளிர்காத்தில வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கு மேல மாடு ஆடு செத்தது. எங்கட ஒழுங்கையில மட்டும் ஆறு மாடு. காலமை போய்ப் பாக்கேக்க நிண்ட இடத்தில மடிஞ்சு கிடந்தது, ஒரு கண்டு தாயின்ர வயித்தோட ஒட்டிக்கொண்டு உயிரோட இருந்தது. அதைச் சாக்கால சுத்தி அடுப்படியில வைச்சுக் காப்பாத்தினம். 2025 நவம்பரில டித்வா என்ன செய்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் அந்தக் காயம் பச்சையா இருக்கு.

அக்கா கனடாவில, ரொறன்ரோவுக்கு வடக்கால. 2021 ஜூலை 15 அவையின்ர பக்கம் பாரி எண்ட ஊரில ஒரு சுழல்காத்து அடிச்சது. போன் எல்லாம் ஒரேயடியா அலறினதாம், பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினவை. "அம்மா, பங்கருக்குள்ள இருந்த மாதிரியே இருந்தது" எண்டு போனில அழுதவ. அம்மா இங்க இருந்து அழுதவ. நான் அப்ப தான் போய் தேடி வாசிச்சன், சுழல்காத்துக்கு என்ன செய்யச் சொல்லுறாங்கள் எண்டு. நிலத்துக்குக் கீழ போ. கீழ இடம் இல்லாட்டி வீட்டுக்கு நடுவில உள்ள சின்ன அறை, யன்னல் இல்லாதது. வெளியில மாட்டினா பள்ளத்தில குப்புறப் படு, தலையக் கையால மூடு. பந்தி பந்தியா வாசிக்க வாசிக்க அம்மான்ர குரல் தான் கேட்டது. பிளேன் எண்டு பிழையா நினைச்சு அவ கத்தினது ஒவ்வொரு சொல்லும் சரி.

எங்களை அண்டைக்கு நெஞ்சு உயரத்தில பறந்த தகரத்துக்குக் கீழ வைச்சது அந்தக் கிடங்கு தான். இப்ப அது இல்லை. வீட்டுத்திட்டத்தில கல்வீடு கட்டேக்க மண் போட்டு மூடினம், ஊரில எல்லாரும் மூடினவை, மூடத்தான் வேணும், அதைப் பாத்துக்கொண்டு எவ்வளவு காலம் வாழுறது. அதால நான் ஊரில காணுற எல்லாரிட்டயும் கேக்கிறன், உங்கட வீட்டில நடு அறை எது, பிள்ளையளுக்குத் தெரியுமோ எண்டு. தகரக் கொட்டிலில இருக்கிற ஆக்கள் வரம்புக்குப் பக்கத்தில உள்ள காய்ஞ்ச வாய்க்கால ஞாபகம் வைச்சிருங்கோ. மழை பிடிச்சு தண்ணி ஓடத் தொடங்கினா அதில இருக்கக் கூடாது. கூரைக்கு ஆணி மட்டும் காணாது. காத்து கூரைக்கு மேலால ஓடேக்க தூக்கும், கதவுக்குள்ளால புகுந்து கீழ இருந்தும் தள்ளும், ஆணி புடுங்குப்பட்டு வரும். கட்டுக்கம்பியால கைமரத்தை வளையோடயும், வளையைக் கப்போடயும் சேத்து இறுக்கிக் கட்டுங்கோ. மேல கல்லு வைக்கிறது வேண்டாம், அது உங்கட தலையில தான் விழும். கூரை போகுது எண்டா போகட்டும், தொங்கிப் பிடிக்காதேங்கோ. அந்த அண்ணைக்கு இண்டைக்கும் ரெண்டு விரல் மடங்காது.

வீடியோ எடுக்கிற தம்பிமாருக்கும் ஒண்டு. 2013 மே 31 அமெரிக்காவில எல் ரீனோ எண்ட இடத்தில வந்த சுழல் நாலு கிலோமீற்றருக்கு மேல அகலம், திடீரெண்டு திசை மாறினது, சுழல்காத்தை ஆராய்ஞ்ச மூண்டு பேர் காரோட அம்பிட்டுச் செத்தவை. அவ்வளவு தெரிஞ்ச ஆக்களுக்கே அது இடம் குடுக்கேல்ல. போனை வைச்சிட்டு படுங்கோ தம்பி.

அம்மாவுக்கு இப்ப அறுபது. யுத்த நேரம் செல் குத்துற சத்தம் கேட்டா, விழுகிற வரைக்கும் வாய்க்குள்ள எண்ணுவா, எண்ணி எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் எண்டு சொல்லுவா, கனதரம் சரியா இருக்கும். அந்தப் பழக்கம் போகேல்ல. மின்னினா எண்ணத் தொடங்கிடுவா. மூண்டு எண்ணினா ஒரு கிலோமீற்றர் எண்டு நான் சொல்லிக்குடுத்தனான். முப்பதுக்குள்ள இடிச்சா எல்லாரும் உள்ளுக்கு, மரத்தடியில ஒருத்தரும் நிக்கேலாது, சார்ஜரைக் கழட்டு, நாயையும் கூப்பிடு.

நேற்றுப் பின்னேரமும் மேற்கால மின்னினது. அம்மா விறாந்தையில இருந்து எண்ணினவ, முப்பத்தாறு வரைக்கும் போனது.

"பன்ரெண்டு கிலோமீற்றர். கொடியில உடுப்பு கிடக்கு, கெதியா எடு மோனை" எண்டவ.